ஜேர்மன் வகுப்புக்குக் கொண்டுபோன பாட்டு

கலியாணம் முடிந்து பதினெட்டாம் நாள் அவர் ஜேர்மனிக்குத் திரும்பிப் போனார். நானும் போய்ச் சேர வேண்டுமென்றால் அந்த மொழியில் முதற்படிச் சோதனை பாஸாக வேண்டும். இல்லாவிட்டால் விசா இல்லை. இரண்டு தடவை கொழும்புக்குப் போய் எழுதினேன். வாசிப்பிலும் எழுத்திலும் குறையில்லை. பேச்சில்தான் புள்ளி போனது. எதிரே இருப்பவர் ஒரு கேள்வி கேட்டதும் எனக்கு நாக்கு எழும்பாது.

முதல் ஆறு மாதம் அவர் தினமும் பேசினார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் மட்டும். இரண்டாம் தடவையும் தவறிவிட்டதைச் சொன்னபோது, இதற்கு மேல் தான் என்ன செய்ய முடியும் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டார். அதன் பிறகு நான் எடுத்தால்தான் பேச்சு.

புத்தளத்துக் கரைத்தீவில் எங்கள் குடியேற்றத்தில் எல்லோரும் மன்னாரிலிருந்து ஒன்றாக இடம்பெயர்ந்து வந்தவர்கள். ஒரு வீட்டுக் கதை மறு வீட்டுக்குத் தெரியாமல் இராது. விசா வந்ததா என்று கேட்காதவர் இல்லை. எனக்காகப் பதில் சொல்லிச் சொல்லி, உம்மா கடைசியில் கலியாண வீடுகளுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

மூன்றாம் சோதனைக்காகப் புத்தளம் டவுனில், ஒரு மருந்துக்கடை மாடியில் நடந்த வகுப்பில் சேர்ந்தேன். டீச்சர் சிலாபம் பக்கத்தவர். இருபது வருஷம் ஜேர்மனியில் இருந்துவிட்டு வந்தவர். நாங்கள் ஏழு பேர் படித்தோம். எனக்குப் பக்கத்துக் கதிரையில் கனமூலை ஊரிலிருந்து வரும் அக்கா ஒருவர் இருந்தார்; ராத்தா என்று கூப்பிடுவேன். ஜேர்மனியில் இருக்கும் புருஷனிடம் போக நாலு வருஷமாகக் காத்திருந்தார். மூன்று வயது மகனை அவன் வாப்பா இன்னும் நேரில் பார்த்ததில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர், பயந்து பயந்து பேசினால் பேச்சு வராது, மனதில் இருப்பதைப் பேசினால்தான் வரும் என்றார். அடுத்த கிழமைக்கு ஆளுக்கொரு காதல் பாட்டுக் கொண்டுவர வேண்டும். எந்த மொழியானாலும் சரி. வகுப்பில் அதைப் போட்டுக் காட்டி, ஏன் பிடிக்கும் என்று ஜேர்மனில் சொல்ல வேண்டும்.

என்னிடம் பாட்டு இருக்கவில்லை. எங்கள் வீட்டில் வாப்பா பாட்டுப் போட விடமாட்டார். யோசித்து யோசித்து ஒன்று நினைவுக்கு வந்தது. அந்தப் பதினெட்டு நாளில் ஒருநாள் வேன் பிடித்துக் கற்பிட்டிக் கடற்கரைக்குப் போனோம். திரும்பும் வழியில் மாம்புரியில் டயர் போய்விட்டது. மற்றவர்கள் இறங்கித் தென்னை நிழலில் நின்றார்கள். நாங்கள் இரண்டு பேரும் வேனுக்குள்ளேயே இருந்தோம். ரேடியோவில் ஒரு பழைய காதல் பாட்டுப் போனது. அவர் கூடவே மெல்லப் பாடினார். எனக்கு முகம் பார்க்க வெட்கமாக இருந்தது. முதல் வரி மறந்துபோயிருந்ததால், கேட்டுவிடலாம் என்று அவருக்குப் போன் எடுத்தேன்.

"எந்த வேன்?" என்றார்.

"கற்பிட்டிக்குப் போய்ட்டு வரேக்குள்ள. மாம்புரியில டயர் போச்சே. நீங்க பாடினீங்க."

"எனக்கு ஞாபகம் இல்ல. பாட்டுக் கேக்கிறதுக்கா வகுப்புக்குப் போறீங்க?"

நான் இன்னும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தேன். மறுபக்கம் ஆள் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அந்தக் கிழமை முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. கிணற்றடியில் உடுப்புக் கழுவும்போதெல்லாம் அந்த மெட்டை வாய்க்குள் பாடிப் பார்ப்பேன். அதையும் விட்டுவிட்டால் அவர் என்னோடு இருந்ததற்கு வேறொன்றும் இல்லை என்று தோன்றியது.

வகுப்பில் கனமூலை ராத்தா ஒரு சிங்களப் பாட்டுப் போட்டார். புருஷன் அனுப்பியதாம். அவருக்கும் பாதிதான் விளங்கும், தனக்கும் பாதிதான் என்று சிரித்தார். அது பிரிந்துபோகிறவன் பாடும் பாட்டு, காதல் பாட்டே இல்லை என்றான் பின்னால் இருந்த பையன். பிரிவில்தான் காதல் தெரியும் என்றார் வேறொருவர். ஜேர்மனில் தொடங்கிய வாக்குவாதம் தமிழுக்கும் சிங்களத்துக்கும் இறங்கியது. டீச்சர் தடுக்கவில்லை.

என் முறை வந்தது. போட்டுக்காட்ட என்னிடம் எதுவும் இல்லை. எழுந்து நின்று, தெரிந்த சொற்களை வைத்துச் சொன்னேன். ஒரு வேன். ஒரு பாட்டு. என் கணவர் பாடுகிறார். எனக்கு அது பிடிக்கும். எனக்குப் பெயர் தெரியாது. அவர் மறக்கிறார். நான் மறக்கவில்லை.

அன்று நாக்கு ஒட்டவில்லை. டீச்சர், மறக்கிறார் என்று சொல்லும்போது நடுவில் ஓர் எழுத்து மாறும் என்று திருத்தினார். சரியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு நான் கதிரையில் இருந்தேன். ராத்தா மேசைக்குக் கீழே என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பதினைந்து நாள் கழித்து, காதி நீதிபதிக்கு அவரிடமிருந்து தலாக் கடிதம் வந்திருப்பதாக வாப்பா வந்து சொன்னார். காரணம் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார். முகத்தைக் கழுவிக்கொண்டு அஸர் தொழப் போய்விட்டார்.

சட்டப்படி தவணைகளெல்லாம் போய், தலாக்குக்குப் பிறகு மூன்று மாதம் வீட்டோடு காத்திருக்கும் இத்தா தொடங்கியபோது சோதனைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. வெளியே போகக் கூடாது. அந்த ஒரு நாள் மட்டும் விடும்படி உம்மாவின் காலடியில் இருந்து கெஞ்சினேன்.

"ஆரிட்டப் போறதுக்கு மகள், இனிச் சோதனை?" என்றார் உம்மா.

எனக்கும் தெரியவில்லை. இவ்வளவு படித்ததை எங்கேயாவது கொண்டுபோய் வைக்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. சோதனைத் திகதி வந்தது. காலை ஒன்பது மணிக்குப் பாயில் இருந்து, கேட்கக்கூடிய கேள்விகளை நானே கேட்டு நானே பதில் சொன்னேன். பெயர் சொன்னேன். ஊர் சொன்னேன். குடும்பம் பற்றிய கேள்வியில் நிறுத்திவிட்டேன்.

ராத்தாவும் அந்தத் தடவை போகவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல். அடுத்த சோதனைக்காகக் கனமூலையிலிருந்து இரண்டு பஸ் மாறி, மகனையும் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினார். வகுப்பில் கேட்கக் கூச்சமாம். நான் கேள்வி கேட்பேன். அவர் பதில் சொல்வார். பையன் என் மடியில் நித்திரையாகிவிடுவான். சில நாட்களில் ராத்தாவின் பதில் அவ்வளவு நன்றாக இருக்கும். எனக்கு எரிச்சல் வரும். வேண்டுமென்றே கடினமான கேள்வியாகக் கேட்பேன். அது விளங்கியும் அவர் அடுத்த கிழமையும் வருவார்.

அடுத்த மாதச் சோதனையில் அவர் பாஸானார். மற்றக் கடதாசிகளெல்லாம் முன்பே கொடுத்திருந்ததால் விசாவும் சீக்கிரமே வந்தது. போகிற அன்று விமான நிலையத்திலிருந்து பேசினார். பையன் பின்னால் அழுதுகொண்டிருந்தான். "தங்கச்சி, நீங்க இல்லாட்டி நான் இல்ல" என்றார். பத்திரமாகப் போய் வரும்படி சொல்லி ஸலாம் சொன்னேன்.

என் இத்தா முடிய இன்னும் பதினொரு நாள் இருந்தது. முடிந்ததும் காதி நீதிமன்றத்துக்கு வந்து விவாகரத்துப் பதிவில் கையெழுத்து வைக்கட்டாம் என்று வாப்பா சொன்னார். நான் ஓம் என்றேன்.