உறை விட்ட தொட்டிகள்

மாரி தொடங்கிய கையோடு எங்கள் சீமெந்துத் தொட்டிகளில் மீன் சாகத் தொடங்கியது. உடம்பெல்லாம் ரவை தூவினதுபோல வெள்ளைப் புள்ளி.

அது இரண்டாம் உலக யுத்தகாலம். சீனன்குடாப் பக்கம் எங்கு பார்த்தாலும் பட்டாளம். பட்டாளத்துக்கு மலேரியா வரக்கூடாதென்று, நுளம்புக் குடம்பிப் புழுவைத் தின்னுகிற சின்ன மீன்களைக் கிணறுகளில் விட்டார்கள். அந்த மீனை வளர்க்கத்தான் கப்பல்துறையில் தொட்டி கட்டினார்கள். ஆம்பிளைகள் விமானத்தளக் கூலிக்குப் போய்விட்டதால் வேலை எனக்கும் என்னைவிட மூத்தவளான பாத்தும்மாவுக்கும் கிடைத்தது. எங்களைவிடத் திறமாக எந்த ஆம்பிளையும் அதைப் பார்த்திருக்க மாட்டான். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மீன் விடாத கிணற்றுக்கு எண்ணெய் ஊற்றுவது அப்போதைய கட்டளை. எங்கள் ஒழுங்கை வீடுகளுக்கெல்லாம் நல்ல தண்ணீர்க் கிணறு ஒன்றே ஒன்று. அதற்கு இன்னும் மீன் விட்டிருக்கவில்லை. எண்ணெய் விழுந்தால் நுளம்பு சாகும்; எங்கள் வீடுகளில் குடிக்கச் சொட்டுத் தண்ணீர் இராது.

மலேரியா இன்ஸ்பெக்டர் ஐயா வந்து தொட்டிகளைப் பார்த்தார். யாழ்ப்பாணத்து மனிசர், முன்கோபி, ஆனால் நியாயக்காரர்.

“திங்கக்கிழமை எண்ணெய்க்காரர் வருவினம். அதுக்குள்ள கிணத்தில மீன் நிக்கோணும். இல்லாட்டில் என்னால மறிக்க ஏலாது, பிள்ளை.”

“நோய் மீனைக் கிணத்தில விட ஏலாதே, ஐயா.”

“அது எனக்கும் தெரியும்!” என்று பாய்ந்தார்.

பிறகு ஒரு செத்த மீனைச் சுரண்டி, தன் பூதக்கண்ணாடியில் எனக்கும் காட்டினார். தவிட்டுத் துகள்போல ஒன்று உருண்டுகொண்டிருந்தது. அதன் சீவியத்தை அவர் சொல்லத்தான் அறிந்தேன். அது மீனின் தோலுக்குள் இருந்து தின்று கொழுக்கும். கொழுத்ததும் மீனை விட்டு விழுந்து, தொட்டியின் அடியிலோ பாசியிலோ ஒட்டி, தன்னைச் சுற்றிக் கூடு கட்டும். கூட்டுக்குள் ஒன்று இரண்டாகி, இரண்டு நாலாகி, நூற்றுக்கணக்காகப் பிரிந்து வெளியே நீந்தும். மீன் அகப்பட்டால் அவை பிழைக்கும். அகப்படாவிட்டால் இரண்டொரு நாளில் சாகும்.

“அப்ப ஒரு தொட்டியிலயிருந்து மற்றத் தொட்டிக்கு எப்பிடிப் போகுது? செட்டையா இருக்கு?” என்று கேட்டேன்.

வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனவர் கடைசித் தொட்டியில் நின்றுவிட்டார். அதில் ஒரு மீனுக்கும் புள்ளியில்லை.

“இதை ஆர் நிரப்பினது?”

“நான்தான், ஐயா.”

“என்ன புதுசாச் செய்தனீர்?”

“ஒண்டும் செய்யேல்லை. அண்டைக்குப் பாத்தும்மாவுக்குக் காய்ச்சல், வரேல்லை. அதால உறை விடேல்லை, அவ்வளவுதான்.”

சொல்லி முடிக்கும்போதே என் கண் பாத்தும்மாவின் வாளிக்குப் போனது.

பாத்தும்மா குறிஞ்சாக்கேணியில் எருமைத் தயிர் போடுகிற குடும்பம். பாலுக்குப் பழைய தயிரில் ஒரு கரண்டி உறை விடுவதுபோல, புதுத் தொட்டி நிரப்பினால் பழைய தொட்டியில் ஒரு வாளி பச்சைத் தண்ணீரும் ஒரு பிடி பாசியும் எடுத்து ஊற்றுவாள். நல்ல பழக்கம்தான். தண்ணீர் கெதியாகப் பச்சை பிடிக்கும், குஞ்சுகள் கொழுக்கும். நோயில்லாத காலத்தில் அந்த வாளியால்தான் எங்களுக்கு நல்ல பெயர். நோய் வந்த பிறகு, அதே வாளி ஒவ்வொரு தொட்டிக்கும் நோயைச் சுமந்திருக்கிறது.

நான் சொல்லக் கேட்டதும் பாத்தும்மா தொட்டிக்கட்டில் குந்திவிட்டாள்.

“அப்ப இவ்வளவு மீனையும் நானா புள்ள சாகடிச்சது?”

“நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க. நானும் பாத்துக்கொண்டுதானே நிண்டனான்.”

அவள் எழும்பிப் போய் வாளியைக் கல்லில் போட்டுத் தேய்க்கத் தொடங்கினாள். எனக்கு அழுகை வந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை. நோய்த் தொட்டிகளை இறைத்து, சுண்ணாம்பு பூசிக் காயவிட்டோம். கடைசித் தொட்டிக்குத் தனி வாளி, தனி வலை.

திங்கட்கிழமை எண்ணெய்ப் பீப்பாவோடு லொறி வந்து கிணற்றடியில் நின்றது. ஒழுங்கைச் சனம் முழுக்கக் குடத்தோடு கூடிவிட்டது. நான் மீன் வாளியைத் தூக்கி அப்படியே கிணற்றுக்குள் சரிக்கப் போனேன். பாத்தும்மா என் கையைப் பிடித்துவிட்டாள்.

“தண்ணிய ஊத்தாத புள்ள. மீன மட்டும் விடு.”

“இது நோயில்லாத தொட்டி, பாத்தும்மா.”

“நானும் அப்பிடி நெனச்சித்தான் ஊத்தினனான்.”

நான் வாளியைக் கீழே வைத்தேன். அவள் வலைத்துண்டில் மீனை அள்ளி அள்ளிக் கிணற்றுக்குள் விட்டாள். இன்ஸ்பெக்டர் ஐயா எட்டிப் பார்த்துவிட்டு லொறிக்காரருக்குக் கையைக் காட்டினார். பீப்பா திறக்காமலே லொறி திரும்பியது. மிஞ்சிய வாளித் தண்ணீரை அவள் தூரக் கொண்டுபோய் வெறும் மணலில் ஊற்றினாள்.

மீன் வளர்க்கிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: மீன் செத்தால், உங்கள் கை எதைத் தூக்கிக்கொண்டு எங்கே போனது என்று முதலில் பாருங்கள். எனக்கு அதைப் படிப்பித்தவள் பாத்தும்மா.