தண்ணீர் ஊற்றாத குக்கர்

அடுப்பில் ஏறிய பாத்திரத்தில் தண்ணீர் இல்லை என்றால் எனக்குக் கைகால் ஓடாது. இருபத்தாறு வருஷமாக நெய்வேலியில் பாய்லர் ஓட்டுகிறேன். கன்ட்ரோல் ரூமில் எத்தனை மீட்டர் இருந்தாலும் என்னுடைய ஒரு கண் தண்ணீர் மட்டத்தைக் காட்டுகிற மீட்டர் மேலேயே இருக்கும். மட்டம் இறங்கினால் அலாரம் கத்தும். இன்னும் இறங்கினால் யூனிட்டே நின்றுவிடும், அப்புறம் வருகிற ஃபோன்களுக்குப் பதில் சொல்லி மாளாது. அப்படிப்பட்டவனிடம் போய், காலிக் குக்கரை அடுப்பில் ஏற்று, ஒரு சொட்டுத் தண்ணீர்கூட ஊற்றாதே என்று வீடியோவில் ஒரு பெண்மணி சிரித்துக்கொண்டே சொன்னால் நான் கேட்பேனா?

அந்தப் பெண்மணி செய்துகாட்டியது பிரெட். ஓவன் இல்லாத வீடுகளுக்காகக் குக்கரிலேயே பிரெட். அதை நான் செய்யப்போனது கொரோனாவின் இரண்டாவது வருஷம், மே மாதத்தில். என் மனைவிக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை. இருந்தாலும் பதினாலு நாளைக்கு இரண்டு பேரும் வெளியே தலைகாட்டக் கூடாது என்று குவார்ட்டர்ஸ் கேட்டில் தாள் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவள் முன்னறையில், கதவைச் சாத்திக்கொண்டு. நான் ஹாலிலும் சமையலறையிலும். அவள் கதவுக்கு வெளியே ஒரு ஸ்டூல். தட்டை அதில் வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நின்று குரல் கொடுத்தால் அவள் திறந்து எடுத்துக்கொள்வாள். காய்ச்சல் நாலாம் நாளே இறங்கிவிட்டது. மூச்சுக்கும் ஒரு குறையும் இல்லை. வாசனை தெரிகிற மூக்குதான் போய்விட்டது.

இதென்ன பெரிய விஷயம், ஊரில் பாதிப் பேருக்குப் போய்த் திரும்பி வரவில்லையா என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் இருந்ததே ஒரு மூக்குதான். எனக்குச் சின்ன வயதிலிருந்து சைனஸ். இரண்டு ஆபரேஷனுக்குப் பிறகும் மல்லிகைப்பூவும் ஒன்றுதான், மண்ணெண்ணெயும் ஒன்றுதான். அவளுக்கோ ஹாலில் உட்கார்ந்திருந்தாலே அடுப்பில் பால் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும். ஒரு நாள் சமையலறையிலேயே உட்கார்ந்து நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் காஸ் டியூப் கசிந்துகொண்டிருக்கிறது. பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவள் ஓடிவந்து ரெகுலேட்டரை மூடினாள். மூடிவிட்டு எனக்கும் நாலு வார்த்தை விட்டாள். அவளுடைய மூக்கை நம்பித்தான் நான் அந்த வீட்டில் நிம்மதியாகத் தூங்கினேன்.

தினமும் காலையில் காபித்தூள் டப்பாவை உள்ளே கேட்டு வாங்குவாள். மூச்சை இழுத்து இழுத்து மோந்து பார்க்கிற சத்தம் கேட்கும். பிறகு டப்பா ஸ்டூலுக்கு வந்துவிடும். "ஒண்ணும் இல்லீங்க" என்பாள். ஏழாம் நாள் எதிர் குவார்ட்டர்ஸ்காரர், மைன்ஸில் பெரிய மெஷின் ஓட்டுகிறவர், காடாம்புலியூரில் அவர் தோட்டத்துப் பலாப்பழம் ஒன்றைக் கொண்டுவந்து கேட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். தெருவே மணக்கிறது என்று சொன்னார்கள். ஈக்கள் மொய்த்ததில் எனக்கும் அது புரிந்தது. எண்ணெய் தடவிக்கொண்டு அறுத்து, பத்துச் சுளையைத் தட்டில் போட்டு ஸ்டூலில் வைத்தேன். அவள் பிறந்து வளர்ந்தது திருவதிகை. பலா மணத்திலேயே வளர்ந்தவள்.

"அய்யோ, இதுவும் தெரியலீங்களே" என்று உள்ளிருந்து குரல் வந்தது. அப்புறம் அழுகை. கதவுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு அழுகிறவளுக்கு ஆறுதல் சொல்வது மாதிரி கஷ்டம் வேறில்லை. "இனிமே நான் எப்படிங்க சமைப்பேன்? வூட்டுல எது தீஞ்சாலும் தெரியாது, எது கெட்டாலும் தெரியாது. ரெண்டு பேரும் குருடாட்டம் இருப்போமா?" எனக்குப் பயமாகிவிட்டது. பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். யாரைக் கோபித்துக்கொள்வது என்று தெரியாமல் பலாவின் தோலையும் சடையையும் வாரிக் கொண்டுபோய்க் குப்பைத்தொட்டியில் எறிந்தேன்.

சாயங்காலம் அவளே மெதுவாகச் சொன்னாள். "சோறு எறங்க மாட்டேங்குது. பிரெட் இருந்தா பால்ல தொட்டுத் தின்னுவேன்."

நம் பக்கத்தில் பிரெட் என்றால் சாப்பாடு இல்லை, மருந்து. காய்ச்சல்காரரைப் பார்க்கப்போகிறவர் கையில் ஒரு பாக்கெட் பிரெட் இருந்தே தீரும். அவளுக்கு மட்டும் அது வேறு. பஜாருக்குப் போனால் பேக்கரி வாசலில் அவள் நடை மெதுவாகும். மாலையில் தட்டு தட்டாக வெளியே எடுக்கிற நேரம் பார்த்துத்தான் காய்கறி வாங்கவே கிளம்புவாள். "வாசனையத் தின்னா வயிறு நெறஞ்சிரும்" என்பாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு பத்தடி முன்னால் நின்று, சீக்கிரம் வா என்று கத்துவேன். இப்போது பேக்கரிக்கே பூட்டு. எனக்குச் சட்டென்று தோன்றியது. பலா எழுப்பாத மூக்கைப் பிரெட் எழுப்பினால்? பஜார் பிரெட் ஆறி, பாக்கெட்டில் அடைத்து வரும். வீட்டிலேயே சுட்டால் வாசனை முழுக்க அவளுக்குத்தானே! அன்றைக்குச் சமையலறைக்கும் ஹாலுக்கும் நான் நடந்த நடைக்கு ஷிஃப்ட் அலவன்ஸே கொடுக்கலாம்.

எதிர்வீட்டுக்காரரிடம் ஃபோனில் சொன்னேன். மைதாவும் ஈஸ்ட்டும் எங்கிருந்தோ பிடித்து, மறுநாள் காலை கேட்டில் தொங்கவிட்டுப் போனார். வெதுவெதுப்பான தண்ணீரில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்டால் பத்து நிமிஷத்தில் நுரைக்கும் என்றாள் வீடியோப் பெண்மணி. அக்னி நட்சத்திர வெயில். நாலே நிமிஷத்தில் டம்ளர் நுரைத்து வழிந்தது. மாவைப் பிசைந்து தட்டுப் போட்டு மூடிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பிப் பார்த்தால் மாவு தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது!

"ஏம்மா, ஓடியா! வந்து பாரு, எப்படி உப்பியிருக்கு பாரு!" என்று கத்தினேன்.

"கதவைத் தொறக்கட்டுமா?"

"வேணாம், வேணாம்!" உடனே ஃபோட்டோ எடுத்து அவள் ஃபோனுக்கு அனுப்பினேன். நடுவில் ஒரே ஒரு சுவர்.

மாவை என் பழைய அலுமினிய டிபன் டப்பாவில் அமுக்கினேன். குக்கரின் கேஸ்கெட்டைக் கழற்றியாயிற்று, வெயிட்டை எடுத்தாயிற்று. அடியில் கல்லுப்பைப் பரப்பு, தண்ணீர் வேண்டாம், வெறுமனே பத்து நிமிஷம் சூடாக்கு என்றாள் பெண்மணி. பற்றவைத்தேன். இரண்டு நிமிஷம் தாங்கினேன். காலிக் குக்கர் அடுப்பில் இருக்கிறது, நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மூன்றாவது நிமிஷம் என் கை தானாகப் போய் இரண்டு டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டது. ஊற்றின பிறகுதான் மனசு ஆறியது. பெண்மணிக்கு அனுபவம் போதாது என்று முடிவு கட்டினேன்.

நாற்பது நிமிஷம் கழித்து வந்தது பிரெட் இல்லை. வெள்ளைவெளேரென்று, டிபன் டப்பா அளவில் ஓர் இட்லி. பால் டம்ளரோடு ஸ்டூலில் வைத்தேன். கதவு திறந்து சாத்துகிற சத்தம். அப்புறம் கொஞ்சம் இருமல், கூடவே சிரிப்பு. நோய் வந்த பிறகு அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"தண்ணி ஊத்தினீங்களா?"

"லேசா."

"ஊத்தாதன்னா ஊத்தாம இருப்பாரா இவரு" என்று சுவரிடம் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஊற்றவில்லை. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்காமல் இருக்க முடியுமா? பாய்லர் என்றால் நெருப்பைப் பார்க்க ஓட்டை இருக்கும். இதில் எதுவும் இல்லை. ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மூடியைத் திறந்தேன். ஷிஃப்டில் எழுதுகிற மாதிரி ஒரு நோட்டில் நேரம் போட்டு, 'உயரம் சரி, நிறம் இல்லை' என்று எழுதினேன். ஆறாவது தடவை திறந்தபோது நடுவில் குழி விழுந்திருந்தது. மேலே தோல், உள்ளே பச்சை மாவு. அவளுக்கு வாசனையும் வரவில்லை. "ஏதாவது தெரியுதா?" என்று நான் கேட்டுக்கேட்டே அவளுக்குச் சலித்துவிட்டது. "தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? சும்மா நச்சரிக்காதீங்க" என்றாள். அந்தக் குரலில் இருந்த சோர்வு என்னை உலுக்கிவிட்டது.

பத்தாம் நாள் காலை. மைதா ஒரு தடவைக்குத்தான் இருந்தது. நோட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினேன். காலிக் குக்கரைச் சூடாக்கினேன். டப்பாவை இறக்கி மூடி போட்டேன். நாற்பது நிமிஷத்துக்குத் தொடுவதில்லை என்று முடிவு செய்து, கையை வேறு எங்காவது வைத்திருக்க வேண்டும் என்பதற்காகக் கேட்டுக்குப் போனேன். எதிர்வீட்டுக்காரர் ஷிஃப்ட் முடிந்து வந்து, மாஸ்க்குக்கு மேல் மாஸ்க் போட்டுக்கொண்டு தெருவின் அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

"என்னா சார், இன்னைக்கும் இட்லியா?"

இட்லிக் கதையை நானே ஃபோனில் அவரிடம் உளறியிருந்தேன். எனக்குச் சுருக்கென்றது. கேட்டில் நின்றபடியே பாடம் எடுக்க ஆரம்பித்தேன். ஈஸ்ட் ஏன் நுரைக்கிறது, மாவை ஏன் இரண்டு தடவை உப்பவிட வேண்டும், மூடியைத் திறந்தால் ஏன் அமுங்கும், எல்லாம் தெருவே கேட்கிற மாதிரி. நாளைக்கே பேக்கரி வைக்கப்போகிறவன் போலப் பேசினேன். அவரும் தலையை ஆட்டிக் கேட்டார். நேரம் போனதே தெரியவில்லை.

முன்னறை ஜன்னலிலிருந்து அவள் குரல் வந்தது.

"என்னங்க, அடுப்ப அணைங்க!"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. படுத்திருக்கிறவளுக்கு என் குக்கரைப் பற்றி என்ன தெரியும்? "இன்னும் நேரம் இருக்கு, நீ சும்மா இரு!" என்று திரும்பிப் பார்க்காமலே கத்தினேன். எதிர்வீட்டுக்காரரிடம் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.

"நேரம் இருக்கா? அங்க கருகிகினு இருக்குது, அங்க நின்னு என்னா பேசிகினு இருக்கீங்க!"

எதிர்வீட்டுக்காரர் என்னையும் ஜன்னலையும் மாறிமாறிப் பார்த்தார். நான் சமையலறைக்கு ஓடியிருக்க வேண்டும். ஜன்னலுக்குத்தான் ஓடினேன். தள்ளி நிற்க வேண்டும் என்பதெல்லாம் மறந்துபோய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "என்ன சொன்னே?" என்று கேட்டேன்.

"கருகுதுன்னேன். மூக்குதான் இல்ல, காதும் போயிருச்சா உங்களுக்கு?"

"இன்னொரு தடவை சொல்லு."

அவளுக்கும் அப்போதுதான் உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சை இழுத்தாள். விட்டாள். மறுபடி இழுத்தாள். கண் இரண்டும் பெரிதாகிவிட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். எனக்குக் கண் மறைத்தது. வெயிலில் கம்பி கையைச் சுட்டதுகூடத் தெரியவில்லை.

"அடுப்பு!" என்று மூன்றாவது தடவை கத்தினாள். ஓடினேன்.

மேல்பக்கம் அழகாகச் சிவந்திருந்தது. இரண்டு விரல் உயரம் உப்பி, தட்டினால் டொக்கென்றது. பேக்கரிக்காரரே பொறாமைப்படுவார். அடிப்பக்கம் மட்டும் ஒரு விரல் கனத்துக்குக் கரிக்கட்டை. கத்தியால் கரியை வெட்டித் தனியாக வைத்தேன். மேல் பாகத்தைத் துண்டு போட்டு, பால் டம்ளரோடு ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன். கதவு லேசாகத் திறந்தது. அவள் தட்டைப் பார்த்தாள், எடுக்கவில்லை.

"அந்தக் கருகினது எங்க?"

"அது எதுக்கு? தொட்டியில போடத்தான்."

"கொண்டாங்க. மொதல்ல அதத்தான் மோந்து பாக்கணும்."

கொண்டுபோய் வைத்தேன். கரிக்கட்டையை இரண்டு கையாலும் எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டாள். மூக்கு நுனியெல்லாம் கரி.

"அய்ய, என்னா நாத்தங்க!" என்று சொல்லிவிட்டு அழுதாள்.