யாரையும் கேட்காமல் தொடங்கிய பக்கம்

கம்பைநல்லூரில் ஏரி தூர்வாரும் எங்கள் குழுவில் அவர் டிராக்டர் ஓட்டுபவர். தலையில் ஈரத்துண்டு, பேசும்போதெல்லாம் அதை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டுவார். குழுவுக்கு இன்ஸ்டாகிராமில் பக்கம் தொடங்க எல்லாரும் சம்மதிக்க வேண்டும் என்று மூன்று வாரமாக நான் வாதாடினேன். அவர் யாரையும் கேட்காமல் தொடங்கிவிட்டார்.

அதைப் பார்த்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் அறுபது பேர், மண்வெட்டியோடு! சந்தோஷத்தில் நானும் ஒரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.

குழுவிலிருந்த நர்ஸ் அக்கா மட்டும் கலங்கிப்போய் அவரிடம் வந்தார். "வூட்டுல திட்டறாங்க. என் போட்டோவை யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

அவர் உடனே அந்தப் படத்தை அழித்தார். "தப்புதானுங்க. ஆனா எல்லாரையும் கேட்டு முடிக்கறதுக்குள்ள மழை வந்துடுமுங்களே" என்றார்.

அன்று சாயங்காலம், மண்ணில் புதைந்திருந்த மதகு வெளியே வந்தது. எல்லாரும் கத்திக் கூத்தாடினோம். அவரைத் திட்டுவதா, கட்டிப்பிடிப்பதா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.