பேரத்தை முடித்து வைத்தவள்

நாலு வருஷம் ஊர் சுற்றிவிட்டுப் பழவேற்காட்டுக்குத் திரும்பியவள் நான். மணாலியில் காபிக்கடை வேலை, வியட்நாமில் ஆங்கில வகுப்பு. எந்த ஊர் ஆளையும் ஐந்து நிமிஷத்தில் புரிந்துகொள்வேன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்திருந்தேன். அதைப் பறித்தவர் எல்லம்மா அத்தை.

அத்தை மீன் மார்க்கெட்டில் நண்டு விற்கிறார். மகள் ஜெனிஃபரோடு ஒரு கிறிஸ்தவ சபையில் சேர்ந்து, பல வருஷம் முதல் வரிசையில் உட்கார்ந்து பாடியவர். அங்கே பெண்கள் தலையில் பூ வைக்கக் கூடாது. போன வருஷம் ஒரு கல்யாணத்தில் மல்லிகை வைத்துக்கொண்டார். விசாரித்தபோது, "இன்னும் வைப்பேன்" என்றார். விலக்கிவிட்டார்கள். சபையார் யாரும் அவரோடு பேசவோ சாப்பிடவோ கூடாது, மகளும்தான். பேத்தி பிறந்ததையே ஐஸ் வண்டிக்காரர் சொல்லித்தான் தெரிந்துகொண்டார். இன்னும் தூக்கவில்லை.

"கஷ்டமா இருக்குதா அத்த?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"மல்லி வாசனைக்குத் தும்மல் வருது. இப்ப எடுத்தா தோத்தாப்ல ஆயிடுமே."

நான் வந்த மூன்றாம் நாள் ஜெனிஃபர் குழந்தையோடு கடைக்கு வந்தாள். ஆட்டோ பக்கத்தில் மாமியார் காவல்.

"கூறு இன்னா வெல?"

"முந்நூறு."

"அநியாயம். நூறு."

"நூறுக்கு ஓடுதான் வரும். ரசம் வைம்மா, சளிக்கு நல்லது."

"யாருக்கு சளி?"

"எல்லா கஸ்டமருக்கும் சொல்றதுதான்."

"ஜுரம் விட்டாச்சு, ரசம் எதுக்கு? நூத்திப்பத்து."

பேரம் நீண்டுகொண்டே போனது. குழந்தை வெயிலில் நெளிந்தது. என் நியாய உணர்வு பொங்கியது. "நூத்தம்பதுக்குக் குடுத்துடு அத்த, மீதிய நான் தரேன்!"

விலை படிந்துவிட்டது. மாமியார் கூப்பிட்டார். ஜெனிஃபர் பையோடு நடந்தாள்.

"வியாபாரம் மட்டும் பேசலாம்னு சபைல விட்டு வச்சிக்கிறாங்க," என்றார் அத்தை. "வாரத்துக்கு ஒரு தபா எம்பொண்ணு எங்கிட்ட பேசுறது இதுதான். நீ முடிச்சி அனுப்பிட்ட."

ஏரியில் விழலாம் என்றால் அங்கே முழங்கால் தண்ணீர்தான்.

ஆட்டோ வரை போன ஜெனிஃபர் திரும்பி வந்தாள். "ஏ நண்டுக்காரம்மா! இன்னா நண்டு இது, கால் கொறையுது?"

"எங்கடையிலயா? எண்ணிக் காட்டு!"

"எண்ணணும்னா கை வேணும். இத்தப் புடி." குழந்தையை அத்தை மடியில் வைத்தாள்.

ஒரு காலும் குறையவில்லை. சொல்ல வாயெடுத்தேன், நல்லவேளை, மூடிக்கொண்டேன்.

நாலாவது நண்டில் குழந்தை மல்லிகையைப் பிடித்து இழுத்தது. அத்தை தும்மினார். கணக்கு தப்பிவிட்டது. இருவரும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார்கள்.