ஆறில்லாத ஊர்க்காரரின் கையெழுத்து

போன சனிக்கிழமை லண்டன் சட்டனில் தமிழ் வீடு வீடாகப் போய் மணி அடித்தேன். சீட்டுப் பிடிக்க அல்ல, கோயில் நிதிக்கும் அல்ல. ஓர் ஆற்றுக்காக!

எங்கள் தெருவுக்குப் பின்னால் சின்ன ஆறு ஒன்று ஓடுகிறது. கணுக்காலளவுத் தண்ணீர்தான், ஆனால் அடியில் கிடக்கும் கல்லெல்லாம் தெரியும். அதைக் குழாய்க்குள் தள்ளி, மேலே சீமெந்து போட்டுக் கார் பார்க் கட்ட ஒரு கம்பெனிக்கு ஆசை. தடுக்கச் சட்டம் இல்லையாம். இல்லையென்றால் கேட்டு வாங்குவோம் என்றார் பக்கத்து வீட்டு மார்கரெட், ஓய்வுபெற்ற டீச்சர். இப்படியான ஆறுகளைக் காக்க ஒரு சட்டம் வேண்டுமென்று பார்லிமென்டுக்கு மனு எழுதினார். தமிழரிடம் கையெழுத்து வாங்குவது என் பொறுப்பு.

ஏழு வீட்டில் தேத்தண்ணி கிடைத்தது. கையெழுத்து? ஒன்றுகூட இல்லை...

"ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில பிறந்த எங்களுக்கு ஏன் பிள்ளை இந்த வேலை?" என்றார் ஒருவர். அங்கே மழைக்கு ஓடி வெயிலுக்கு ஒளிக்கும் வழுக்கியாறு அவர் கணக்கில் இல்லைப் போலும். இன்னொருவர், ஆழமறியாமல் காலை விடாதே என்றார் — கணுக்கால் ஆழ ஆற்றுக்கு! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

அவர்கள் சொல்லாமல் விட்ட காரணத்தை எட்டாவது வீட்டுச் சிவபாலன் அண்ணைதான் சொன்னார். பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை செய்பவர். அவருடைய அகதி விண்ணப்பம் நாலு வருடமாகக் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடக்கிறது. மனைவியும் மகளும் கொழும்பில் காத்திருக்கிறார்கள்.

"தங்கச்சி, என்ர பேர் இப்பிடியொரு பேப்பரில வந்தால் குரோய்டன்காரன் சும்மா விடுவானே? கேஸ் பிழைச்சால் மனுசி பிள்ளையை எப்பிடிக் கூப்பிடுறது?"

மனுப் போட்டதற்காக இங்கே யாரையும் திருப்பி அனுப்புவதில்லை என்றேன். அவர் தலையாட்டவில்லை. பெயர்ப் பட்டியலோடு ஆமி வந்து ஆட்களைக் கூட்டிப்போன ஊரிலிருந்து வந்தவருக்கு நான் என்ன விளக்கம் சொல்வது? கோபப்பட்டதை நினைக்க வெட்கமாக இருந்தது.

"விடுங்கோ அண்ணை" என்று எழும்பினேன்.

"பொறுங்கோ. எந்த ஆறு? தாரா, வாத்தெல்லாம் நிக்கிற ஆறோ?"

"ஓம்."

"ஷிப்ட் முடிஞ்சு வரேக்க அதில இருந்துதான் பாண் சாப்பிடுறனான். வீட்டை வந்தால் கதைக்க ஆருமில்லை. அதையுமோ மூடப்போறாங்கள்?"

பிறகு பேனைக்குக் கை நீட்டினார்.

தகப்பன் பெயரோடு முழுப் பெயர், விலாசம், எல்லாம் எழுதினார். கீழே நீளமாக ஓர் இலக்கம். பார்த்தால்... குரோய்டன் பைல் நம்பர்! இந்த நாட்டில் அவர் நிரப்பிய படிவமெல்லாம் அதைத்தானே கேட்டிருக்கின்றன?

"ஐயோ அண்ணை, இதுக்கு அது தேவையில்லை. வெட்டுங்கோ!"

வெட்டினார், ஒரே கோட்டில். கையெழுத்தை மட்டும் இன்னும் அழுத்திப் போட்டார்.

"எனக்கு இஞ்ச இருக்க விசா தருவாங்களோ தெரியாது, தங்கச்சி. அந்த ஆறெண்டாலும் இருக்கட்டும்."

சட்டம் வரும்வரை நான் ஓயப்போவதில்லை. அடுத்தது உங்கள் வீடுதான் — பேனையை எடுத்து வையுங்கள்!