பதினெட்டுக் குச்சி

என் வாய் இரண்டு விரல் அகலத்துக்கு மேல் திறக்காது என்பது ஐம்பத்தொன்பதாவது வயதில்தான் எனக்குத் தெரிந்தது. அதுவரை யாரும் என்னிடம் வாயைத் திற என்று சொன்னதில்லை. மூடு என்றுதான் சொல்லியிருக்கிறார்கள்.

விழுங்கும்போது வலிக்கிறதென்று போன இடத்தில், தில்லை நகரில் ஒரு டாக்டர் மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார். நாக்கின் அடியில், தொண்டைக்குள் இறங்குகிற இடத்தில் ஒரு கட்டி. புற்றுதான், ஆனால் மெதுவாக வளர்கிற ரகம், எடுத்துவிடலாம் என்றார். கட்டியைவிட அங்கே போய்ச் சேருகிற வழிதான் அவருக்குக் கவலையாக இருந்தது.

"அந்த இடம் நேரா கண்ணுக்கு எட்டாதும்மா. வாய் நல்லா திறந்தா, கம்பி வெச்சு விரிச்சுப் பிடிச்சு, நாக்கை முன்னாடி இழுத்து, வாய் வழியாவே எடுத்துடலாம். இல்லேன்னா கீழுதட்டைப் பிளந்து, தாடையை நடுவுல அறுத்து விலக்கித்தான் உள்ள போகணும். அப்புறம் பிளேட் வெச்சு முடுக்கிடுவோம்."

ஒரு தாளில் முகம் வரைந்து, உதட்டிலிருந்து மோவாய் வரை கோடு இழுத்துக் காட்டினார். அழகைப் பற்றிய கவலையெல்லாம் என்றைக்கோ போய்விட்டது. தாடையை அறுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் கஞ்சி வைத்துக் கொடுக்க யார் இருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

எல்லாம் நானே தேடிக்கொண்டது. பள்ளிக்கூட ஆபீசில் கணக்கராக இருந்த முப்பது வருஷமும் வெற்றிலை சீவலை மென்றுகொண்டே ஃபைல் பார்த்தவள் நான். சீவல் கன்னத்தின் உள்பக்கத்தைத் தோலாக இறுக்கிவிட்டது.

"ஒரு மாசம் பொறுக்கலாம்" என்றார் டாக்டர். "சீவலைத் தொடவே கூடாது. நாளுக்கு ஆறு தடவை பல்லுக்கு நடுவுல ஐஸ் குச்சியை அடுக்குங்க. இப்ப பன்னெண்டு போகுது. பதினெட்டு போச்சுன்னா வாய் வழியாவே முயற்சி பண்ணலாம். வீட்ல எல்லார்கிட்டயும் வாய்விட்டுப் பேசுங்க."

சரிங்க என்று தலையாட்டினேன். ஸ்ரீரங்கத்தில் என் போர்ஷனில் எல்லாரும் என்றால் நானும் ஒரு பல்லியும்தான்.

சத்திரம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு ஃபேன்சி ஸ்டோரில் ஐஸ் குச்சிக் கட்டு வாங்கினேன். கண்ணாடி முன் உட்கார்ந்து பன்னிரண்டை அடுக்கி, நடுவில் இன்னொன்றைச் செருகுவேன். காதுவரை வலி இழுக்கும், கண்ணில் நீர் கொட்டும். பதிமூன்றாவது ஐந்து நாளில் போனது. பதினாலாவது ஒரு வாரம் ஆட்டம் காட்டியது.

குச்சியாவது வாங்கலாம். பேச ஆள் வாங்க முடியுமா? பெண்களுக்கு டிக்கெட் இல்லாத டவுன் பஸ்தான் கைகொடுத்தது. காலையில் ஏறி, சமயபுரம் போகிறவர்கள் பக்கத்தில் இடம் பிடிப்பேன். எந்த ஊர், என்ன வேண்டுதல் என்று தொடங்கினால் கோயில் வரும்வரை பேச்சு ஓடும். அவர்கள் பதிலுக்குக் கேட்கும்போது, "தம்பி வீட்லதான் இருக்கேன், காட்டூர்ல. ஒரே கூட்டம், பேசிப் பேசியே தொண்டை வத்திடும்" என்பேன். கூசாமல் சொல்வேன். மாரியம்மன் வாசலில் அவர்கள் இறங்கியதும் அடுத்த பஸ்ஸில் திரும்பி, வீட்டுப் பூட்டைத் திறப்பேன்.

அந்தப் பொய் பழகிப்போய், டாக்டரிடமும் அதையே சொல்லிவிட்டேன். மாசம் முடிந்து அட்மிட் ஆன அன்று, துணைக்கு யார் வருவாங்க என்று கேட்டார். "தம்பி வருவான்." அன்று பதினெட்டாவது குச்சி போயிருந்தது. அவரே ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தார்.

"நல்லா உழைச்சிருக்கீங்க. ஆனா மயக்கம் கொடுத்த பிறகு கம்பி வெச்சுப் பார்த்தாத்தான் உறுதியாத் தெரியும். தெரியலேன்னா தாடையை அறுக்கத்தான் வேணும். ரெண்டுக்கும் சேர்த்து சொந்தக்காரங்க கையெழுத்து போடணும்."

மறுநாள் காலை ஏழு மணிக்கு சிஸ்டர் பாரத்தோடு வந்தாள். "ஆள் இல்லாம தியேட்டருக்கு அனுப்ப மாட்டாங்கம்மா. உங்க தம்பி எங்க?"

தம்பி காட்டூரில் இருப்பது மட்டும் நிஜம். ஏழு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. அவன் மகள் கல்யாணத்துக்குச் சொந்த அத்தை நான். புருஷனும் பெண்டாட்டியுமாக நேரில் வந்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்க வேண்டாமா? பத்திரிகை கூரியரில் வந்தது. காட்டூருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நடுவில் கடலா இருக்கிறது? நான் போகவில்லை. வேலை நெருக்கடியில் தப்பு நடந்துவிட்டது என்று அவன் போனில் மன்னிப்புக் கேட்டான். பாதியிலேயே வைத்துவிட்டேன். என் கோபம் எனக்கு ஒசத்தி.

வேறு வழியில்லாமல் போன் போட்டேன். மணி முழுதாக அடிப்பதற்குள், "அக்காவா?" என்றான். நம்பரை அழிக்காமல் வைத்திருக்கிறான்.

"தில்லை நகர் ஆஸ்பத்திரியில இருக்கேன். ஒரு கையெழுத்து வேணும்."

"என்னக்கா உடம்புக்கு?"

"டாக்டர் சொல்லுவாரு, வந்து கேட்டுக்க."

அரை மணியில் வந்துவிட்டான். தலை முழுக்க நரைத்திருந்தது. கட்டிலின் கால்மாட்டில் நின்று, "சாப்பிட்டியாக்கா?" என்றான். "ஆபரேஷனுக்கு முன்னாடி சாப்பிடக் கூடாது" என்றேன். அவன் முகம் சுண்டிவிட்டது. டாக்டர் சொன்னதையெல்லாம் கேட்டுக் கையெழுத்துப் போட்டான். ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும்போது கூடவே நடந்து வந்தான். நான் மேலே ஓடுகிற விளக்குகளைப் பார்த்துக்கொண்டு போனேன்.

விழித்தபோது மூக்கில் குழாய் இருந்தது. நாக்கு நுனியில் நூல் கோத்து இழுத்திருந்ததால் அங்கே எரிந்தது. கை தானாக மோவாய்க்குப் போனது. கட்டு இல்லை, தையல் இல்லை, என் பழைய மோவாய் அப்படியே இருந்தது. தடவித் தடவிப் பார்த்தேன். பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். காலியாக இருந்தது.

சிஸ்டர் வந்தாள். "உங்க தம்பி இவ்வளவு நேரமும் தியேட்டர் வாசல்லயேதான் நின்னாரும்மா. தாடையை அறுக்கலைன்னு டாக்டர் சொன்னதும் கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. 'அக்கா கையெழுத்துக்குத்தான் கூப்பிட்டாங்க, முழிச்சு என்னைப் பார்த்தா கோவப்படுவாங்க'ன்னுட்டு இப்பத்தான் இறங்கிப் போறாரு. கூப்பிடட்டுமா?"

பேசக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். பேசவும் வேண்டாம், ஆமாம் என்று ஒரு தலையசைப்பு போதும். நான் வேண்டாம் என்று ஆட்டினேன். ஆட்டிய அந்த நொடியே அவளைத் திரும்பக் கூப்பிடக் கையைத் தூக்கினேன். அதற்குள் அவள் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

கீழே வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்புகிற சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. அதில் எது அவனுடையது என்று எனக்குத் தெரியவில்லை.