மச்சானின் கண்ணாடி இழையோடு கடலூரிலிருந்து சிதம்பரத்துக்கு

போன மாதம் ஒரு வியாழக்கிழமை சிதம்பரம் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. என் மனைவியின் தம்பி பிரபு அங்கே ஓர் ஆய்வகத்தில் முனைவர் பட்டத்துக்காக உழைக்கிறான். அவனுக்காக வெளியூரில் தயாரித்த கண்ணாடி இழை, நாற்பது மீட்டர், பொங்கல் விடுமுறையில் ஆய்வகம் பூட்டியிருந்ததால் கடலூர் முதுநகரில் என் கடைக்குப் பார்சலில் வந்திருந்தது. அதில் ஒளியை அளந்து முடித்தால்தான் ஆய்வேட்டை இந்த ஆண்டு கொடுக்க முடியும்.

"ரீலப் பிரிக்காம அப்புடியே எடுத்துட்டு வாங்க மாமா" என்றான் போனில். ரீலோ சாப்பாட்டுத் தட்டு அகலம், பைக்குள் நுழையவில்லை. இருபது வருடமாகத் தூண்டில் நரம்பு விற்கிறேன், எனக்குத் தெரியாத சுற்றலா? கட்டைவிரல் பருமனுள்ள கட்டையில் இறுக்கிச் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். அவ்வளவு மேதாவித்தனம்.

காலை 9.10க்குப் பேருந்து. 45 கிலோமீட்டர், 40 ரூபாய். புதுச்சத்திரம் அருகே சாலை வேலை நடந்ததால் பத்தே முக்காலுக்குத்தான் சிதம்பரத்தில் இறங்கினேன். அங்கிருந்து ஷேர் ஆட்டோ 20 ரூபாய்.

"உள்ள எர்பியம்னு ஒரு அருமண் தனிமம் இருக்கு மாமா. நானோ துகளுக்குள்ள அடைச்சு வச்சிருக்கோம். கேபிள்ல ரொம்ப தூரம் வந்து மங்கிப்போற வெளிச்சத்த இதுதான் திரும்ப ஜாஸ்தியாக்கும்" என்றபடியே பிரபு லேசரை இணைத்தான். முதல் சில சுற்றுகள் பச்சையாக ஒளிர்ந்தன. நடுவே மூன்று பொட்டுகள் பளீரென்று மின்னின. அதற்கப்பால் இருட்டு.

"சூப்பரா இருக்குடா மச்சான்!" என்று போனில் படம் எடுத்தேன்.

"அந்தப் பொட்டெல்லாம் உள்ள கண்ணாடி ஒடைஞ்ச எடம் மாமா." கட்டையைத் திருப்பிப் பார்த்தான். "இவ்ளோ சின்ன கட்டையிலயா சுத்தி அனுப்புனாங்க?"

நான் ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

என் கண் முன்னாலேயே அனுப்பியவர்களுக்குக் கோபமாக மெயில் எழுதினான். புது இழை வர ஆறு மாதமாகும். மதியம் என்னை ஓட்டலுக்கு அழைத்துப் போனான். சோற்றைப் பிசைந்தானே தவிரச் சாப்பிடவில்லை. "விடுங்க மாமா, எனக்காக இவ்ளோ தூரம் வந்தீங்களே" என்றான்.

போகிறவர்களுக்கு: காலையில் வலப்பக்க ஜன்னலில் உட்காருங்கள், வெயில் படாது. கண்ணாடி இழை கொண்டுபோனால் ரீலோடு மடியில் வைத்துக்கொள்ளுங்கள், கை வலித்தாலும் சரி.

பிரபு என் பதிவுகளை ஒன்றுவிடாமல் படிப்பவன். நேரில் சொல்ல எனக்குத் துணிவில்லை. மச்சான், இழை அனுப்பியவர்களிடம் இன்றே மன்னிப்புக் கேட்டுவிடு. கட்டையில் சுற்றியது நான்தான்.